காந்தப் பெட்டி

12.9.1957, வியாழன்

எங்கள் பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து செல்லம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. மூளைக்குக் கரண்ட் கொடுத்தால் மனம் தெளியும் என்று யாரோ சொன்னதை நம்பி, இன்று சாயங்காலம் தெங்கேராவில் காந்தப் பெட்டி வைத்திருக்கும் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். கடை வாசலில், போன மாதம் சுதந்திரத்துக்குக் கட்டிய மெர்டேக்காக் கொடி இன்னும் தொங்குகிறது. அவள் காதோரங்களில் ஈரத்துணி சுற்றிய தகடுகளை வைத்துக் கட்டி, வைத்தியர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக் கரண்ட் ஏற்றினார். கன்னம் ஏறி உதடு விரிந்தது. அதே பழைய சிரிப்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நிறுத்திடாதீங்க, இன்னும் கொஞ்சம் சுத்துங்க” என்று நான்தான் கெஞ்சினேன். அவரும் சுற்றினார்.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“நான் சிரிக்கலீங்க. வாய் அதுவா இழுத்துக்கிச்சு. போதும்னு சொல்லத்தான் பார்த்தேன்.”