என் எண்ணில் அவர் முகம்

ஜூன் 9, திங்கள்

ஆன்லின் இன்று மூன்று தடவை வாட்ஸ்அப் டிபி படத்தை மாற்றிவிட்டாள். காலையில் இருட்டு வானத்தில் ஒற்றைப் படகு. கெவினோடு சண்டை என்று அர்த்தம். பதினோரு மணிக்கு வாடிப்போன ரோஜா. சண்டை முற்றிவிட்டது. மூன்று மணிக்குப் பார்த்தால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார்கள். கெவின் கப்பலில் வேலை பார்க்கிறான், தை மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். பக்கத்து மேஜைக்காரி வாயைத் திறக்காமலே அவள் மனசு ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

எங்கள் அதிகாரி பூதலிங்கம் சாரும் அப்படித்தான். மாறுதல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் திருச்செந்தூர் முருகன். வீட்டம்மாவோடு மனத்தாங்கல் என்றால் மொட்டை மரம். நேற்றிலிருந்து கூலிங் கிளாஸ் போட்ட படம். லீவு கேட்க இதுதான் சமயம் என்று நாலு பேர் அவர் அறை வாசலில் நின்றார்கள்.

"ஒங்க டிபிதான்க்கா மாறவே மாட்டேங்கு" என்றாள் ஆன்லின். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் டிபி அவர், என் வீட்டுக்காரர். பணிப்பதிவேட்டுக்கு எடுத்த படம், சிரிக்காத முகம். அவர் போன அன்று கொழுந்தனார் பாபநாசம் என் போனை வாங்கி, வைத்துக் கொடுத்தார். இரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது.

ஜூன் 11, புதன்

சுற்றறிக்கை வந்திருக்கிறது: அரசு ஊழியர்களுக்கு மாவட்ட அளவில் விளையாட்டுப் போட்டி. சும்மா வாய்விட்டேன் - பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்திருக்கிறேன், பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாவது என்று. ஆன்லின் கண்ணை விரித்தாள். மத்தியானம் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு வந்தால் பட்டியலில் என் பெயர். "விஜயஸ்ரீ, இளநிலை உதவியாளர், குண்டு எறிதல்."

"ஏட்டி, என் பேர அடிச்சிரு. நாப்பத்தொண்ணு வயசு எனக்கு!"

"பேனாவுல எழுதிட்டேம்க்கா."

பயமா இருக்கு. பயம் மட்டும்தானா? வேலை முடிந்து ரயிலில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஜங்ஷன் வரும் வரைக்கும் வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் சுளுக்கா என்று கேட்டார்.

ஜூன் 14, சனி

பேட்டையில் முகம்மது மைதீன் அண்ணாச்சியின் லேத் பட்டறைக்குப் போனேன். நாலு கிலோவில் இரும்பு உருண்டை வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா?"

"எறியுததுக்கு."

"யார் மண்டையில?"

பட்டறையே சிரித்தது. நானும். எண்ணைக் குறித்துக்கொண்டார், முடிந்ததும் வாட்ஸ்அப்பில் சொல்கிறேன் என்றார்.

ஜூன் 18, புதன்

மைதீன் அண்ணாச்சியிடமிருந்து செய்தி: "சார், உருண்டை ரெடி. வந்து வாங்கிக்கிடுங்க."

சார்!

ஜூன் 20, வெள்ளி

உருண்டையை வாங்கப் போனேன். "சார் வரலியாம்மா? போன்ல படத்தப் பாத்தேன், கண்டிப்பான ஆளு போல" என்றார் அண்ணாச்சி. என்ன சொல்ல? "சார் வரமாட்டார்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உருண்டையைத் துணியால் இன்னொரு தடவை துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். நான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அவர் முகத்தோடுதான் போய்ச் சேருகிறது. நான் சிரிப்பது, திட்டுவது, "கத்தரிக்காய் வாங்கிட்டு வாரேன்" என்பது எல்லாம். நான் எங்கே இருக்கேன்?

உருண்டை காய்கறிப் பையின் அடியில் வீட்டுக்கு வந்தது. அத்தைக்கு, அவர் அம்மாவுக்கு, தெரியாது. அவர் இருந்தபோது நாங்கள் மூன்று பேர், இப்போது அத்தையும் நானும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அத்தை என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அதனால்தான் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் நீர்ப்பாசன ஆபீஸுக்குப் பின்னால் பழைய மதகுப் பலகைகள் துருப்பிடித்துக் கிடக்கும் வெட்டவெளியில் முதல் நாள் பயிற்சி. ஆன்லின் டேப்பைப் பிடித்தாள். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, உருண்டையைக் கழுத்தோடு ஒட்டி வைத்தேன். இரும்பின் குளிர்ச்சி தாடையில் பட்டதும் இருபத்தாறு வருஷம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கால் தானாக மடங்கியது, இடுப்பு தானாகத் திரும்பியது.

ஐந்து மீட்டர் பத்து. கேவலம்.

ஆனால் அந்தச் சத்தம்! மண்ணில் 'தொப்'பென்று விழுந்து குழி பறித்தது. நான் பறித்த குழி. ரயில் நேரம் வரைக்கும் பதினெட்டு குழி.

ஜூன் 27, வெள்ளி

ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரைக்கும் என் டிபி இரும்பு உருண்டை. பிறகு பழையபடி அவர்.

யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆன்லின் மட்டும் கைதட்டுகிற பொம்மை அனுப்பினாள். நாற்பது நிமிஷமும் போனை மேஜை இழுப்பறைக்குள் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். ஏன் இப்படி? களவா செய்யுதேன்?

ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்குள் நுழைகிறேன் - கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க என் உருண்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் அத்தை!

"பையில கெடந்துது. என்னட்டி இது?"

"ஆபீஸ் எடைக்கல், அத்தை."

"ம்" என்று உள்ளே போய்விட்டார்கள். பொய் சொல்லிவிட்டேன். வாய் கசக்கிறது. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 5, சனி

சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

ஏழு மீட்டர்!! ஏழு மீட்டர் ஐந்து! ஆன்லின் டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பூதலிங்கம் சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "விஜயஸ்ரீம்மா, மதகுப் பலகைய ஒடச்சிராதிங்க, அதுக்கும் கணக்கு இருக்கு" என்றார். பிறகு அவரே இறங்கி வந்து ஒரு தடவை எறிந்து பார்த்தார். அவர் காலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

ஜூலை 12, சனி. தூத்துக்குடி. ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் வாய்ப்பு: கால் வட்டத்தைத் தாண்டிவிட்டது, செல்லாது. இரண்டாவது: ஆறு தொண்ணூறு. மூன்றாவதுக்கு வட்டத்துக்குள் போனேன். கடல் காற்று, தருவை மைதானத்துப் புழுதி, எங்கேயோ ஆன்லின் கத்துகிறாள், "அக்கா, எறிங்கக்கா!" உருண்டை கையை விட்டுப் போகும்போது நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அது சொல் இல்லை.

ஏழு மீட்டர் நாற்பத்தொன்று. இரண்டாவது இடம்! முதலிடம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு விளையாட்டு டீச்சருக்கு, இருபத்தெட்டு வயது, பாவாடை தாவணி காலத்து ஆள் இல்லை. போகட்டும். கழுத்தில் மெடல் கிடக்கிறது. கழற்ற மனசில்லை.

அந்த எறியை ஆன்லின் படம் எடுத்திருக்கிறாள். பார்த்ததும் யாரோ என்று நினைத்தேன். வாய் பிளந்து, கன்னம் உப்பி, கண் இடுங்கி, கொண்டை அவிழ்ந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து... அசிங்கமாக இருக்கிறேன். இவ்வளவு அசிங்கமாக நான் அழகாய் இருந்ததே இல்லை!

மாற்றிவிட்டேன். நாலு நாற்பதுக்கு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டேன். என் டிபி நான்.

மெடலைப் பற்றி அத்தையிடம் நானே முதலில் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேன். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, வைஃபையில் எப்போதும் வாட்ஸ்அப் அழைப்புதான். மணி அடித்து அடித்து நின்றுபோனது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பார்த்திருப்பார்கள்.

அதே நாள், ரயிலில்

சென்னையிலிருந்து கொழுந்தனார் பாபநாசம் தம்பி கூப்பிட்டார். "மதினி, அண்ணன் படத்த எடுத்துட்டீங்களாமே. சித்தப்பா வீட்டுல இருந்து கேக்குதாங்க. மூணு வருஷம்கூட ஆகல. நீங்க சந்தோசமா இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல... ஆனா பாக்குதவங்க என்ன நெனப்பாங்க? அம்மா மனசு என்ன பாடுபடும்?"

கடைசிக் கேள்வி காதிலேயே நிற்கிறது.

தாழையூத்து வந்துவிட்டதா, தாண்டிவிட்டதா? என்ன எழுதுதேன் நான்? வண்டி எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவர் படத்தையே திரும்ப வைத்துவிட்டேன். மெடலைக் கழற்றிப் பையில் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. மெடலை நான் பையிலிருந்து எடுக்கவில்லை. சாம்பாருக்கு உப்பு போட மறந்திருக்கிறேன், அதையும் அவர்கள் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

எரிச்சலாக வருகிறது. அவரை நான் மறந்தேனா? யார் சொன்னது? அந்தப் படத்தில் இருப்பவர் என் வீட்டுக்காரரே இல்லை, பணிப்பதிவேட்டுக்காரர். அவர் சிரித்தால் முதலில் வயிறு குலுங்கும், பிறகுதான் சத்தம் வரும். நான் ஏழு மீட்டர் எறிந்தேன் என்றால் டவுன் ரதவீதி நாலும் நடந்து ஆள் ஆளுக்குச் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். அத எப்படி நான் பாபநாசத்துக்குச் சொல்ல?

ஆன்லின் டிபியில் ஒரு மெடல் படம் வைத்திருக்கிறாள். என்னுடையது.

ஜூலை 16, புதன்

இதை முழுக்க எழுதி வைக்க வேண்டும். ஒரு சொல் விடாமல்.

சாயங்காலம் நடையில் இரண்டு பேரும் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தோம். அத்தை தலை நிமிராமல் கேட்டார்கள்:

"ஏட்டி, அந்தப் படத்த ஏன் எடுத்த?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். "அவாள் படத்தத் திரும்ப வச்சுட்டேன் அத்தை. அன்னைக்கே வச்சுட்டேன்."

"அதத்தான் கேக்குதேன். நீ கத்துத படம் இருந்துதே, அத ஏன் எடுத்த?"

கீரைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது.

"நீ கூப்பிட்டா நான் ஒடனே போன எடுக்க மாட்டேன். கவனிச்சிருக்கியா?"

"காது கொஞ்சம் மந்தம்னு நெனச்சேன்."

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்கு. நீ கூப்பிட்டா அவன் மூஞ்சில்லா வருது. எடுத்துக் காதுல வச்சுட்டா பாக்க முடியாதுல்லா. அதான், அடிக்கட்டும்னு விட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

இரண்டு வருஷம் எட்டு மாதம். நான் "அத்தை, எடுங்க, எடுங்க" என்று இந்தப் பக்கம் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதெல்லாம், அந்தப் பக்கம் அது நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாது அத்தை. தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கவே மாட்டேன்..."

"இரு, சொல்லுதேன். சனிக்கிழமை நீ கூப்பிட்ட. எவளோ ஒருத்தி வாயப் பொளந்துக்கிட்டு வாரா. பயந்துட்டேன். பொறவு உத்துப் பாத்தா நீ! இந்த வீட்டுக்கு நீ வந்து பதினாறு வருசமாச்சு, நீ இப்படி வாயத் தொறந்து நான் கண்டதில்ல. அதையும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அதுக்குள்ள கட்டாயிட்டு. மறுபடி அடிச்ச, மறுபடி பாத்தேன்."

"கோபத்துல எடுக்கலன்னு நெனச்சேன்."

"ஒன் மேல எனக்கு என்ன கோபம்? கோபம்னா அந்த உருண்டைக்குத்தான். எடைக்கல்லாம்! எடைக்கல்லு உருண்டையா இருந்தா உருண்டு போயிராதா? என்னைய அவ்வளவு மூதின்னு நெனச்சுட்டியே."

அழுதுகொண்டே சிரித்தேன். அத்தையும் சிரித்தார்கள், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து என் மடியில் வைத்தார்கள். அதில் டிபி கிடையாது, வெறும் சாம்பல் நிறத் தலை.

"அவன் படத்த இதுல வச்சுத் தா. அவன் எனக்கு மகன், என்கிட்ட இருக்கட்டும். ஒன் மூஞ்சிய நீ வச்சுக்கோ."

பணிப்பதிவேட்டுப் படம் வேண்டாம் என்று பழைய படங்களைப் புரட்டினோம். குற்றாலத்தில் அருவித் தண்ணீர் சொட்டச் சொட்ட, துண்டோடு நிற்கிறார், வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "இதுதாம்ட்டி" என்றார்கள் அத்தை.

கீரை அப்படியே கிடந்தது. ராத்திரிக்குத் தோசை.

ஜூலை 17, வியாழன்

ஆபீஸில் பதினொன்றரை மணிக்கு என் போன் அடித்தது. பார்த்தால் அருவித் தண்ணீரோடு அவர். அத்தை, கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, புத்தகம் எங்கே என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எடுக்கக் கொஞ்சம் நேரமானது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் எடுத்த படம், டிபிக்கு. நனைந்த சேலை. நாளைக்கு வேறு வைப்பேன். சும்மாதான், ஆசையாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

ஏழு எழுபது. தோளில் தைலம். அத்தைதான் தேய்த்துவிட்டார்கள், "ஒங்க ஆபீஸ்ல ஃபைல் பாக்குததே இல்லையாட்டி?" என்று கேட்டுக்கொண்டே.

நவம்பர் 22, சனி. மதுரை

மாநில அளவில் மூத்தோர் தடகளப் போட்டி. அத்தையும் வந்தார்கள். மீனாட்சியைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவர்கள், மைதானத்துப் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நகரவில்லை. நான் வட்டத்துக்குள் நிற்கும்போது, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் விரலை நீட்டி ஏதோ சொல்வது தெரிந்தது.

ஏழு மீட்டர் எண்பத்து மூன்று. என் வாழ்க்கையிலேயே பெரிய எறி. நாலாவது இடம். மெடல் கிடையாது.

ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது பாபநாசம் தம்பி அத்தைக்குப் போன் செய்தார். ஸ்டேஷன் இரைச்சலில் அத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள்.

"மதினி எத்தனாவது வந்தாங்கம்மா?"

"நாலாவது. அதுக்கு என்னலே இப்ப?"

பிறகு, "போன மதினிகிட்ட குடுங்க" என்றார். வாங்கினேன்.

"மதினி... நீங்க எறியுத படம் ஒண்ணு அனுப்புங்க. எங்க ஆபீஸ்ல காட்டணும்."

நாலு படம் அனுப்பினேன்.