காப்பார் ஆய்வை எடுத்துவிட்டார்

அக்டோபர் 14, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

கோபம் அடங்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் சுகாதாரக் கொள்கை ஆய்வுத் துறைக்கு ஆண்டுவிழா மலர் வருகிறது. துறையின் வரலாற்றை நான்தான் எழுதினேன். அதில் காப்பார் வட்டாரத்தில் நடந்த ஆய்வைப் பற்றிய பகுதி முழுவதையும் துறைத் தலைவர் ஜெயராஜ் இன்று நீக்கிவிட்டார். அங்கே எஸ்டேட் தோட்டத்தை மூடியதும் கிளினிக்கும் போய்விட்டது, கர்ப்பிணிகள் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் நகர்வரை போகிறார்கள் என்று சொன்ன ஆய்வு அது.

“சுகாதார அமைச்சு அத ஏத்துக்கலம்மா. பாலிசி ஆனத மட்டும் போடு.”

“டாக்டர், வீடு வீடா போய் அத எடுத்ததே நீங்கதானே?”

“அதான் சொல்றேன்லா. அப்பவே யாரும் படிக்கல. விழாவுக்கு அமைச்சர் வராரு. அவர் முன்னால நம்ம தோத்த கதைய வைக்கணுமா?”

சிரித்துக்கொண்டே சொன்னார். தான் வெயிலில் அலைந்து எடுத்த ஆய்வைத் தானே வெட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தப் பெண்கள் அவரை நம்பித்தானே வாய் திறந்தார்கள்?

வீட்டுக்கு வந்ததும், அந்தப் பகுதி இல்லையென்றால் கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் பதறுவார், இறங்கி வருவார் என்று நினைத்தேன்.

இப்போதுதான் பதில் வந்தது. “ஓகேம்மா, நோ ப்ராப்ளம். துறை பேர்லயே போட்டுக்கலாம்.”

அவ்வளவுதான். என்னை எடுக்க அவருக்கு ஒரு பத்திகூடத் தேவைப்படவில்லை.