வெள்ளைப் பொட்டு வைத்த ஓணான்கள்

ஏப்ரல் 6, சனி

என் மரத்தைக் கெட்ட மரம்னு சொல்ல நீ யாரு? வயசு முப்பதைத் தாண்டல. நான் அந்தக் கன்னுங்களை நட்டப்போ உங்க அம்மா ரெட்டைச்சடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பாங்க. வெளியூர் மரமாம்! நானும்தான் இந்த ஊருக்கு வெளியூர்க்காரன். என்னையும் அடியோட வெட்டிடுவியா?

இந்தக் கடைசிக் கேள்வியை நேரிலேயே கேட்டேன். "நீங்க சருகு கொட்டலையே ஐயா" என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். அப்போது பதில் வரவில்லை. இப்போது வண்டி வண்டியாக வருகிறது. வந்து என்ன செய்ய? ஜீப் போயாச்சு. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

நோட்டும் அவள் கொடுத்ததுதான். இரண்டு கொடுத்தாள். ஒன்று எண்ணிக்கைக்கு, இன்னொன்று அது மழையில் நனைந்தால் மாற்றுக்கு. மழையைக் காணோம். எனவே இது எனக்கு.

ஓணானைப் பற்றிப் படித்தே டாக்டர் பட்டம் வாங்கியவள். நேரில் டாக்டரம்மா என்பேன். வீட்டில் ஓணானம்மா.

கடலுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே மணல்மேடு. அதில் பாதி வெறும் மணல், பாதி என் சவுக்கு. நாற்பது வாளிகளை விளிம்பு வரை மணலில் புதைத்திருக்கிறோம். ஒன்று முதல் இருபது வரை வெறும் மணலில், மிச்சம் மரத்தடியில். ஓடுகிற ஓணான் உள்ளே விழும். வீடு பக்கம் என்பதால் எண்ணுகிற வேலை என்னுடையது: தினமும் காலையில் போய் எடுத்து, எண்ணி, மண்ணின் சூட்டைக் கருவியால் பார்த்து எழுதி, முதுகில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, பத்தடி தள்ளி விட வேண்டும். வெறும் மணலில் விழுந்ததற்குச் சிவப்பு. மரத்தடியில் விழுந்ததற்கு வெள்ளை. சனிக்கிழமைதோறும் அவள் வந்து நோட்டைப் பார்ப்பாள்.

29ஆம் தேதி வனத்துறை ஆபீஸில் கூட்டம். சவுக்கு வந்ததால் ஓணான் போய்விட்டது என்று நோட்டு சொன்னால், மரங்களை எடுத்துவிடுவார்கள். அதில் முன்வரிசை என் வீட்டு வாசலுக்கு நேராக நிற்கிறது. நாற்பத்திரண்டு வருஷமாக நிற்கிறது.

ஒரு மரத்துல கை வைக்கட்டும், பாத்துக்கறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

வெறும் மணலில் பதினொன்று. மரத்தடியில் ஒன்று. அந்த ஒன்றும் ஆபீஸ் பியூன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பொட்டு வைத்து இறக்கிவிட்டேன். அப்போதும் நகரவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. மனுசன் வெயிலில் நின்றால் நிழலைத் தேடுகிறான். நிழல் கொடுப்பது எப்படிக் குற்றம்? "அதுக்கு வெயில்தான் சாப்பாடு ஐயா. உடம்பு சூடாகலன்னா ஓட முடியாது, பூச்சி பிடிக்க முடியாது. சருகு மூடின மண்ணுல முட்டை வைக்கவும் முடியாது" என்றாள் அவள். ஒரு டீக்கடை வெச்சுக் குடுங்க, சூடா குடிக்கட்டும் என்றேன். அதற்கும் சிரித்தாள். கோபமே வராத பொம்பளையோடு எப்படிச் சண்டை போடுவது?

சாயங்காலம் மச்சான் வந்தான். வீட்டுக்காரியின் தம்பி, பக்கத்து வீடு, தையல்காரன். ஊசியில் நூல் கோக்க ஆளைக் கூப்பிடுவான், ஆனால் அடுத்தவன் நோட்டு மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

"பதினொண்ணுக்கு ஒண்ணா? மாமா, மரம் போச்சுன்னா மண்ணு நேரா உள்ள வரும். என் தையல் மிஷினைத் தோண்டித்தான் எடுக்கணும்."

"நான் என்னடா பண்ண? ஓணான் விழல."

"விழலன்னா விழ வை. எண்ணுறது நீதானே?"

போடா என்று துரத்திவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று ஒரு தப்பு செய்தேன். சின்னதுதான். வாலோடு சேர்த்து ஆறு அங்குலம்.

ஏப்ரல் 11, வியாழன்

நேற்று மூன்று. இன்று ஐந்து.

வேலை சுலபம். வெறும் மணல் வாளியில் பொட்டில்லாத புது ஓணான் விழுந்திருந்தால், என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மேடேறி, மரத்தடிக்குக் கொண்டுபோய், வெள்ளைப் பொட்டு வைத்து விட்டுவிடுகிறேன். நோட்டில் முப்பத்தொன்றாம் வாளி என்று எழுதினால் முடிந்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறேன். மூச்சு முட்டக் கூடாதல்லவா? நான் ஒன்றும் கொலைகாரன் இல்லை. இடம் மாற்றுகிறேன், அவ்வளவுதான். ஆபீஸில் மனுசனையே மாற்றுகிறார்கள்.

வீட்டுக்காரி சோறு போடும்போது என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன, நகப்பூச்சா? வெள்ளையா? எழுபத்தோரு வயசுல யாரை மயக்கப் போற?"

"நாலு காலு, ஒரு வாலு. உன்னை விட அமைதி."

"அப்ப அதையே சோறு போடச் சொல்லு" என்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஏப்ரல் 13, சனி

ஓணானம்மா நோட்டைப் பார்த்தாள். முதல் பக்கத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள். பென்சிலைக் கடித்தாள்.

"மரத்தடியில திடீர்னு கூடுதே ஐயா?"

"வெயில் ஏறுதுல்ல, நிழலுக்கு வந்திருக்கும்."

என் வாய் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு டாக்டர் பட்டம் தரலாம்.

பிறகு அவளே வாளிகளைப் பார்க்கக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். ஏழாம் வாளியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. உள்ளே ஓர் ஓணான். முதுகில் வெள்ளைப் பொட்டு. வெறும் மணல் வாளியில் வெள்ளைப் பொட்டு!

துரோகி. தூக்கிக்கிட்டுப் போய் நிழல்ல விட்டா, திரும்பி நடந்து வந்திருக்கு.

"மரத்தடியில பொட்டு வெச்சது இங்க எப்படி? எண்பது அடி இருக்கும். இவ்வளவு தூரம் இதுங்க போகாதே."

"காலாற நடந்திருக்கும்மா."

அவள் சந்தேகப்படவில்லை. அதுதான் மோசம். கண்ணெல்லாம் மின்ன, அதை நாலு பக்கமும் படம் எடுத்தாள். இது புது விஷயம் என்றாள், கட்டுரையாக எழுத வேண்டிய விஷயம் என்றாள். 

ஏப்ரல் 15, திங்கள்

இன்று ஆறு. கை தானாகப் போகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

செத்துப் பிழைத்தேன்.

டப்பாவில் நாலு பேரை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறேன், எதிரே அவள். வியாழக்கிழமை! ஜீப்பைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் ஐயா. என்ன, சாப்பாடா?"

"ஆமாம்மா."

"இவ்வளவு காலையிலயா?"

"பசி."

டப்பாவுக்குள் பரபரவென்று சத்தம். நான் இருமினேன். சத்தம் நிற்கவில்லை. இன்னும் பலமாக இருமினேன். நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. பதறிப்போய்த் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். "நீங்க உக்காருங்க, இன்னிக்கு நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மணலில் உட்கார்ந்தேன். டப்பா மடியில். உள்ளே நாலும் என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தன. அவள் ஒவ்வொரு வாளியாகக் குனிந்து நிமிர்வதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம். சிறு பிள்ளை மாதிரி அழுகை வந்தது. ஏன்னு தெரியல. பிடிபடலையே, அப்புறம் என்ன அழுகை?

அவள் போனதும் நாலையும் அங்கேயே விட்டுவிட்டேன். பொட்டும் வைக்கவில்லை, நோட்டிலும் எழுதவில்லை.

மச்சான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான், மரம் தப்பிச்சாச்சு, எல்லாம் மாமாவோட கைவேலை என்று. வாயில் ஊசி நூல் போட்டுத் தைத்துக்கொள்ளடா என்றேன்.

ஏப்ரல் 20, சனி

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தாள். வெறும் மணலும் மரத்தடியும் கிட்டத்தட்டச் சமம். 

"நான் தப்பா நெனச்சிட்டேன் ஐயா. நாலு வருஷமா ஊர் ஊரா போய்ப் பேசினேன், இந்த மரம் ஓணானை அழிக்குதுன்னு. இங்க அப்படி இல்ல. உங்க மரத்தைக் கெட்ட மரம்னு சொன்னதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. கூட்டத்துல எண்ணிக்கை என்ன சொல்லுதோ அதைத்தான் நானும் சொல்லுவேன்."

நான் என்ன சொல்ல வேண்டும்?  "பரவால்லம்மா" என்றேன். பரவாயில்லையாம்! நான் அவளை மன்னிக்கிறேனாம்!

ஏப்ரல் 21, ஞாயிறு

ஜெயிச்சாச்சு. சோறுதான் இறங்கவில்லை.

ஏப்ரல் 24, புதன்

முப்பத்து மூன்றாம் வாளி. மரத்தடி.

உள்ளே ஒரு பெண் ஓணான். வெள்ளைப் பொட்டு. பொட்டைப் பார்த்ததுமே தெரிந்தது, போன புதன்கிழமை நான் வைத்தது. அன்றைக்கு அது துள்ளியதில் பொட்டு வால் வரைக்கும் இழுபட்டுவிட்டது. வயிறு கனமாக இருக்கிறதே, நன்றாகத் தின்கிறது போல என்று அன்றைக்கு நினைத்தேன். மடையன். அது முட்டை.

வாளியின் அடியில் வெறும் பிளாஸ்டிக் மேல் அஞ்சு முட்டை. மாத்திரை மாதிரி நீளமாக, வெள்ளையாக. மண்ணே இல்லாத இடத்தில் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டிப் பார்த்திருக்கிறது. கோடு கோடாக இருக்கிறது வாளியில். ரெண்டு முட்டையில் எறும்பு. அது பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. கையில் எடுத்தேன். ஜில்லென்று இருந்தது.

உசிர் இருந்தது. அதை வெயிலில் வைத்தேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொஞ்ச நேரம் கழித்து ஓடியது.

எறும்பு தொடாத மூன்றையும் புரட்டாமல், எடுத்த வாக்கிலேயே வெறும் மணலில் குழி தோண்டி வைத்தேன். அவ்வளவு ஆழம் போதுமா? சூடு போதுமா? யாரைக் கேட்பேன்? கேட்க வேண்டியவளிடம்தான் கேட்க முடியாது.

ஏப்ரல் 25, வியாழன்

இன்று வாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. முன்வரிசை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து சருகைக் கையால் விலக்கினேன். ஒரு சாண் சருகு. கீழே வேர், பின்னல் மாதிரி. விரலே நுழையவில்லை. மண்ணைத் தொட்டால் பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி. அவள் கொடுத்த சூடு பார்க்கும் கருவியை முதல் தடவையாக ஒழுங்காக வைத்துப் பார்த்தேன். வெறும் மணலை விடப் பதினாலு டிகிரி குறைவு. இவ்வளவு நாளும் நோட்டில் அந்தக் கட்டத்தில் வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருக்கிறேன்.

நாற்பத்திரண்டு வருஷம் இந்த மரத்தின் கிளையைத்தான் பார்த்திருக்கிறேன். அடியைப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு உனக்குத் தண்ணி குடுத்துச்சுன்ன?"

"ஆமா."

"முதுகைத் தடவி விட்டுச்சு?"

"ஆமாடி."

"அப்படியும் வாயைத் தொறக்கல நீ."

"மரம் போனா மண்ணு வருமேன்னு—"

"வந்தா பெருக்குறேன். இத்தனை வருஷம் உன் சட்டையிலேர்ந்து கொட்டின மண்ணை யாரு பெருக்கினா?"

 அதற்கு மேல் கத்தி மட்டும்தான் பேசியது.

யோசித்துப் பார்த்தேன். காற்றைத் தடுப்பது தெருவோரம் நிற்கிற பின்வரிசைதான், அதை விட்டுவிடலாம். மேட்டின் மேல் நிற்கிற முன்வரிசைதான் மணலை மூடுகிறது. அதை எடுத்துவிடச் சொல்லி நானே கூட்டத்தில் எழுந்து சொல்கிறேன். நட்டவனே சொன்னால் தெரு கேட்கும். மச்சான் கத்துவான், கத்தட்டும்.

முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை.

ஏப்ரல் 27, சனி

சொல்லிவிட்டேன்.

வழக்கம்போல நோட்டுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. "டாக்டரம்மா, இதுல இருக்கறது பொய்" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். டப்பாவைத் திறந்து மூடியின் ஓட்டைகளைக் காட்டி, இதில்தான் மணலிலிருந்து மரத்தடிக்குத் தூக்கிப் போனேன் என்றேன். சிரிப்பு நின்றது.

"எத்தனை?"

"முப்பத்தி நாலு."

"எந்த வாளியிலேர்ந்து எந்த வாளின்னு சொல்ல முடியுமா?"

"கொஞ்சம் சொல்லலாம். எல்லாம் ஞாபகம் இல்லம்மா. சூடும் பாக்காமத்தான் எழுதினேன்."

"ஏழாம் வாளில பாத்தோமே, அது?"

"நான் தூக்கிட்டுப் போனதுதான். திரும்பி வந்துடுச்சு."

அதைக் கேட்டதும்தான் அவள் முகம் வாடிப்போனது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முட்டை வைக்கிற மாசம் இதுதான் ஐயா. இனி அடுத்த வருஷம்தான் எண்ண முடியும்" என்று மட்டும் சொன்னாள். ஜீப்பிலிருந்து வாளி மூடிகளைக் கொண்டுவந்து கொஞ்சத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றாம் வாளிக்கு மூடி போட்டாள். அப்புறம் இரண்டு. மூடி போட்டால் எண்ணிக்கை முடிந்தது என்று அர்த்தம்.

கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு நான் நாற்பதிலிருந்து ஆரம்பித்தேன். போ என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாளியிலும் கையை விட்டுத் துழாவி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துத்தான் மூடினேன். அவள் கை வேகம். இருபத்தாறில் எதிரும் புதிருமாக வந்துவிட்டோம். கடைசி மூடி அவளிடம் இருந்தது. அழுத்தி மூடினாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் இப்போது விட்டால் முடியாது.

"டாக்டரம்மா, திங்கக்கிழமை கூட்டத்துக்கு நானும் வரேன். பொய் சொன்னது நான்தான்னு சொல்லிடறேன். அப்புறம் இந்த முன்வரிசை இருக்கு பாருங்க, நான் நட்டது, இதை எடுத்துடச் சொல்லி நானே எந்திரிச்சு—"

அவள் அதற்குள் ஜீப்பை நோக்கி மேட்டில் பாதி இறங்கிவிட்டாள்.