புள்ளிவிவர மேடத்துக்கு அனுப்பாத பதில்

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ ஓரளவு சுகத்தோடு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே, சரிம்மா வைக்கிறேன் என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். வார்டில் சாப்பாட்டு நேரம், துணி அடுக்கும் அறையில் போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகமாட்டேன் என்கிறது. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம், அதுவரை இந்தக் கால் தாங்கினால் சரி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுத் தூசியெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறதாம், தெரிகிறதே தவிர துடைக்கத் தோன்றவில்லை. சொட்டு மருந்தை நான் போட்டால் எரிகிறதாம், பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் எரிவதில்லையாம். முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து என்ன கண்டேன் சொல்.

மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிடுவேன், மருத்துவக் கல்லூரி வேலையும் வேண்டாம் ஆராய்ச்சியும் வேண்டாம், ஊரோடு வந்து போர்டு மாட்டிக்கொண்டு குழந்தைகளுக்குச் சளி மருந்து எழுதுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பதவி உயர்வுக் குழுவில் உன்னிடம், உங்க பெரிய டாக்டரைத் தவிர உங்க வேலையைத் தெரிஞ்சவங்க வேற யாரும்மா என்று கேட்டார்களாம், நீ கோப்பை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாயாம். உன் துறைத் தலைவரான அந்தப் பெரிய டாக்டரோ இரண்டு மாதம் முன்பே வேறு தேசத்துக்கு மூட்டை கட்டிவிட்டார், ஆராய்ச்சியையும் கூடவே கட்டிக்கொண்டு. ஆறு வருஷம் அவர் பின்னாலேயே நடந்தாய். நடக்கச் சொன்னது யார், நான்தானே. வேலையில் சேர்ந்த அன்றே, ஒருத்தரைப் பிடிச்சுக்கோ, கெட்டியா பிடிச்சுக்கோ, நாலு இடத்துல தலையைக் காட்டாதே என்றேன். இரண்டு வருஷம் முன்பு உங்கள் கல்லூரியில் புள்ளிவிவரம் பார்க்கும் அந்த மேடம், உன் வார்டுக் குழந்தைகளின் மூச்சுத்திணறல் பற்றி நீ குறித்து வைத்ததைப் பார்த்துவிட்டு, சேர்ந்து எழுதலாமா என்று கேட்டபோதும் எனக்குத்தான் போன் செய்தாய். பெரிய டாக்டர் முகம் கோணும், வேண்டவே வேண்டாம் என்றேன். நீயும் அந்த அம்மாவுக்கு ஒரு பதில்கூட அனுப்பாமல் விட்டுவிட்டாய்.

உன்னைக் கேட்காமல் இன்னொரு காரியமும் செய்தேன், திட்டாதே. எங்கள் டீனைப் போய்ப் பார்த்தேன். பயிற்சி டாக்டராக எங்கள் வார்டுக்கு வந்தபோது ஊசியை எடுத்தாலே கை நடுங்கும், நடுக்கம் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோமே, அவரேதான். என் மகளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவங்க வேலையை நான் பார்த்ததே இல்லையே சிஸ்டர், எழுதினா பொய்யாயிடுமே என்றார். என் முகம் சுருங்கிவிட்டது. உட்காருங்க என்று டீ வரவழைத்தார். என்னை ஆளாக்கினது ஒருத்தர் இல்ல சிஸ்டர், ஒரு கூட்டமே என்றார். கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது ஒருவராம், கட்டுரைகளைச் சிவப்பு மையால் கிழித்துத் திருத்தியது வேறு ஊர் டாக்டரம்மா ஒருவராம், புலம்பினால் கேட்டுக்கொண்டது இவரோடு படித்த நண்பராம், உங்க கிளாஸ்ல தூக்கம் வருது சார் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது இவரிடம் படித்த மாணவியாம். அப்புறம் நீங்க என்றார். நானா என்றேன். மருந்து அளவை நான் தப்பா எழுதினப்பல்லாம் யார்கிட்டயும் சொல்லாம சீட்டை என் கையிலயே குடுத்து, இன்னொரு தடவை படிங்க டாக்டர்னு சொல்லிட்டுப் போவீங்களே, அதுல கத்துக்கிட்டதுதான் அதிகம் என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் குட்டி. ஒரு டாக்டர் ஆளாக நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன், அது தெரியாமல் பெற்ற மகளுக்கு மட்டும் ஒரே ஒருவரின் நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ குறித்து வைத்தது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, அதைப் பெரிய டாக்டர் கொண்டுபோகவில்லை. ராஜினாமாவைக் கொடுப்பதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை அந்த மேடத்தைப் போய்ப் பார். போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லும் தெம்பு எனக்கும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் திருப்பிக்கொள்வார். அப்படியானால் உன் வார்டு சிஸ்டரிடம் பேசு, உன் மாணவர்களிடம் பேசு, அடுத்த துறையில் கதவைத் தட்டு. அதற்கப்புறமும் வேலையை விடுவதென்றால் விடு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். யாரிடம் பேசலாம் யாரிடம் கூடாது என்று மட்டும் இனி என்னைக் கேட்காதே.

காலையில் நான் கிளம்பும்போது அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆசி சொல்லச் சொன்னார். நீ நன்றாக இருக்க வேண்டும், நாலு பேருக்கு நடுவில் இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. இத்தனை நாள் ஏன் பதில் போடவில்லை என்று மேடம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. எங்க அம்மாதான் வேண்டாம்னாங்க, தப்பு அவங்களோடதுதான், அவங்களே சொல்லச் சொன்னாங்க என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா