சர்ப்பகந்தா வேரும் ஒரு சிட்டிகை கொசுறும்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. சொல்வது நான், எழுதுவது உன் அண்ணி. காரணம் கீழே வரும்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த கையோடு, தையற்காரரின் மகன்கள் இருவரும் வந்து கடையை அடித்து நொறுக்கினார்கள். நான் பெரியவனின் காறை எலும்பை உடைத்தேன். சின்னவன் என் வலது மணிக்கட்டை உடைத்தான். நடந்தது இவ்வளவுதான். பத்துப் பேர், அரிவாள் என்று உனக்கு யாரோ போனில் அளந்திருக்கிறார்கள். அரிவாள் எல்லாம் இல்லை. ஷட்டர் இழுக்கும் கம்பிதான். அதுவே போதுமாக இருந்தது.

உன் குவாரி ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதாகவும், அந்த இரண்டு பயல்களின் கையை எடுக்காமல் திரும்பமாட்டேன் என்றும் அண்ணியிடம் சொன்னாயாம். போனில் நான் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்பாவது ஒருமுறை படிப்பாய்.

முதலில் ஜாடிகள் போயின. மருதம்பட்டை, காய்ந்த செம்பருத்தி, சர்ப்பகந்தா வேர் என்று ரத்தக்கொதிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் ஜனங்கள் நம்பி வாங்கும் சரக்கு முழுவதும் கண்ணாடியோடு கலந்து காலடியில் நொறுங்கியது. பெரியவன் என் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான், இரண்டு முறை. மூன்றாவதற்குள் பட்டை இடிக்கும் இரும்பு உலக்கை என் கைக்கு வந்துவிட்டது. தோளில் இறக்கினேன். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. உன்னிடம் மறைப்பானேன், அவன் விழுந்த பிறகும் ஓங்கினேன், இந்த முறை தலைக்கு. சின்னவன் கம்பியால் என் மணிக்கட்டில் போட்டிருக்காவிட்டால் இன்று நான் கொலைகாரன்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்று நீ கேட்கவே இல்லை.

தையற்காரர் ரத்தக்கொதிப்புக்கு மருத்துவமனை மாத்திரை சாப்பிடுகிறவர். அது தெரிந்துதான் நம் வைத்தியர் கொஞ்சமாகச் சர்ப்பகந்தா வேர்ப்பொடி எழுதிக் கொடுத்திருந்தார், ஏழு பொட்டலம், நாளுக்கு ஒன்று. கட்டியது நான். நாலாம் நாள் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி, குளியலறையில் விழுந்து மண்டை பிளந்துவிட்டது.

உலக்கை கீழே விழுந்த அதே நேரம் அவர் மனைவி உள்ளே வந்தார்கள். மகன்களைப் பிடித்து இழுக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. மீதி மூன்று பொட்டலங்களையும் வைத்தியர் சீட்டையும் மேசையில் வைத்தார்கள்.

"எடை போடுங்கண்ணே. உங்க தராசுலயே போடுங்க."

இடது கையால் போட்டேன். ஒன்றில் கால் பங்கு கூடுதல். அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதில் ஒன்றரை மடங்கு இருந்தது.

"குறைச்சுப் போட்டிருந்தா திட்டிட்டுப் போயிருப்போம். இப்ப அவரு என் பேரே தெரியாம படுத்திருக்காரு."

தலையில் மூட்டை சுமந்து விற்ற காலத்திலிருந்து, எடை போட்டபின் மேலே ஒரு சிட்டிகை போடாமல் நான் பொட்டலம் மடித்ததில்லை. எதிர்க்கடைக்காரனை மூடிக்கொண்டு போக வைத்ததே அந்தச் சிட்டிகைதான். மருதம்பட்டை கூடினால் கசப்பு கூடும், அவ்வளவுதானே என்று இருந்தேன். இந்த வேருக்கும் அதே கை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டதும் கிடையாது. அப்படிக் கேட்டால் வியாபாரம் போய்விடும் என்பது என் கெட்டிக்காரத்தனம்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. மாசாமாசம் உன் ரத்தக்கொதிப்புக்கு நான் அனுப்புவதும் அதே வேர்தான். வைத்தியர் சீட்டுகூட இல்லாமல் கண் அளவில் கட்டியது. தம்பியாயிற்றே என்று உனக்கு இரண்டு சிட்டிகை. எழுந்தால் கண் இருட்டுகிறது என்று போன மாதம் சொன்னாய், வெயில் என்று நான் சொல்லிவிட்டேன். உன் அண்ணி இப்போது என்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறாள். இருக்கும் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நாளைக்கே உன் டாக்டரிடம் போ. அவர் சொல்லும்வரை அதைத் தொடாதே, அவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவும் செய்யாதே. கை எடுக்க வேண்டுமென்றால் முதலில் எடுக்கவேண்டியது என்னுடையதைத்தான். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு நீ நூறு வயது இரு. எனக்கு இருப்பது ஒரே தம்பி.

அவர்களோடு பேசி முடித்தது இது. இரு தரப்பும் போலீசுக்குப் போவதில்லை. பெரியவன் தோளுக்கும் அவன் அப்பாவின் வைத்தியத்துக்கும் ஆகும் செலவு என்னுடையது, உடைந்த கண்ணாடி அவர்களுடையது. சீட்டில் உள்ளதற்கு மேல் ஒரு தூசு கூடக்கூடாது. வேரை இனி நகைக்கடைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். உன் ஆள் ஒருவன் இந்தத் தெருவில் கால் வைத்தாலும் பேச்சு முறிந்தது. கடைசியாக ஒன்று, அது அந்த அம்மா போட்டது: தையற்காரர் நினைவு தெளிந்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை, தினமும் கடை திறக்குமுன் நான் அவர் கட்டிலருகே போய் நிற்க வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அண்ணன்.