உரக்கச் சொன்ன எடை

மட்டாஞ்சேரி,
19-7-1984.

அன்பு மகள் சண்பகத்துக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. அப்பாவுக்கு இருமல், மருந்தைக் குடியுங்கள் என்றால் சாயா குடிக்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, அதற்கு நீதான் காரணம்.

உங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குச் செயல் ஆராய்ச்சி என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எழுதினாயே, நாம் செய்கிற வேலையில் சரியாக நடக்காத ஒன்றை நாமே மாற்றிப் பார்க்க வேண்டும், என்ன ஆகிறது என்று கவனிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்களையே கேட்டு மறுபடியும் மாற்ற வேண்டும் என்று. படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் குழந்தைகள் மையத்துக்குப் புதன்கிழமை எடை பார்க்க வருகிற தாய்மார் குறைந்துகொண்டே போகிறார்களே என்று நானும் ஆரம்பித்தேன். காலையில் பார்ப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன், வரவில்லை. தராசுத் தொட்டிலுக்கு மெத்தென்று பழைய சேலைத்துணி தைத்துப் போட்டேன், ஒன்றிரண்டு பேர் வந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சமயம் பார்த்து உன் போஸ்ட் கார்டு வந்தது. தபால்காரர் சிவசங்கரன் தெருமுனையிலேயே நின்று, ஆவுடைச் சேச்சி, பேரக்குட்டி ஆறு கிலோவாயி, நல்ல தடியாக்கும் என்று கத்துகிறார்! ஊர்க்கண் பட்டால் என்ன ஆவது? உள்ளே ஓடிக் குழந்தையின் போட்டோவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். போட்ட கையோடு திக்கென்றது. அடிப்பாவி, வாராவாரம் நான் என்ன செய்கிறேன்? தூரத்து மேஜையில் உட்கார்ந்து பதிவெழுதும் ராமாத்தாளுக்குக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையின் எடையையும் தெருவே கேட்கக் கூவுகிறேனே! தாய்மாரைக் கேட்டேன். கண்ணு பட்டுரும்லக்கா, உங்ககிட்ட எப்படிச் சொல்றது என்றார்கள். அடுத்த புதன்கிழமை ராமாத்தாளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் காதில் மட்டும் சொன்னேன். கூட்டம் திரும்பி வந்துவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒச்சப்பன் மனைவி பேச்சியம்மாள் மட்டும் வரவில்லை. அவள் பையன் உன் மகளைவிட மூத்தவன், ஆனால் நோஞ்சான். கண்ணுக்குப் பயந்தவள் என்றால் இப்போது வந்திருக்க வேண்டுமே? நீ சொன்னபடி அவளையே கேட்டுவிடுவோம் என்று இன்று மழையோடு மழையாக அவள் வீட்டுக்குப் போனேன். கதவை முழுசாகத் திறக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடின பிறகு சொன்னாள், கண்ணு படுறதுக்கு எம் புள்ளகிட்ட என்னக்கா இருக்கு, அன்னிக்கு நீங்க நாலு கிலோன்னு கூவுனதும் அத்தன பேரும் எம் மாரத்தான் பாத்தாளுவ, பாலில்லாதவன்னு எம் மாமியா இன்னும் சொல்லிக் காட்டுது என்று. பையனை மடியில் வாங்கினேன், கனமே தெரியவில்லை சண்பகம். வயிற்றுப்போக்கு வேறு நிற்கவில்லையாம். நாளைக் காலை முதல் படகில் எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளையும் பையனையும் நான் கூட்டிப்போகிறேன். அதற்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, அங்கேயும் யாரும் எடையை உரக்கச் சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாளாம். சரி என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன். அங்கே எடை பார்க்கிறவள் யாரோ, எப்படிப்பட்டவளோ, நான் சொன்னால் கேட்பாளா? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீயும் வார்டில் எடை பார்க்கிறவள்தானே அம்மா. முள் நின்றதும் தாயின் முகத்தைப் பார், அப்புறம் வாயைத் திற.

குழந்தையைக் குளிர்காற்றில் வெளியே கொண்டுபோகாதே. மூவரும் நூறாண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆவுடையம்மாள்