பழைய பிராசசரைத் திரும்ப வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் உன் அப்பா நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமில்லை, பேச வழியில்லை. கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது. உன் தம்பி அதன் மூளையான பழைய பிராசசரைத் திரும்ப வாங்கக் கடைக்கு ஓடியிருக்கிறான், அவன் வரும்வரை எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததா, தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் பதிவு செய்துவைத்த அவர் குரலில்தான் அந்தக் கம்ப்யூட்டர் பேசும், அவர் தட்டுவதை அது படிக்கும். ஆனால் அவர் ஒரு வரியைத் தட்டியபின் அது வாயைத் திறப்பதற்குள் எதிரே இருப்பவர் எழுந்தே போய்விடுவார். நாளைக்கு லாரி ஆபீஸ் மேனேஜர் அவரை வீட்டிலிருந்தே வேலை செய்யவைத்துப் பார்க்கப் போகிறார், எந்த வண்டி எந்தக் கிடங்குக்குப் போகவேண்டும் என்று டிரைவர்களுக்குப் போனில் உடனுக்குடன் சொல்லவேண்டும், சமாளித்தால் பழைய வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். செல்போனில் இருக்கிற இயந்திரக் குரலைக் கேட்டால் டிரைவர்கள் ஏதோ விளம்பரம் என்று வைத்துவிடுகிறார்களாம். அதற்காகத்தானே அக்காவும் தம்பியும் சேர்ந்து வேகமான பிராசசர் போடலாம் என்று முடிவு கட்டினீர்கள். சாக்கெட் ஒண்ணா இருந்தா போதும்டா, கண்ண மூடிக்கிட்டு வாங்குன்னு நீதான் சொன்னாயாம். அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டான்.

நேற்று பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிவந்து மாட்டினான். மதர்போர்டில் அதற்கென்று இருக்கிற சாக்கெட்டில் அச்சாக உட்கார்ந்தது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. இன்று காலையில்தான் மதர்போர்டு கம்பெனியின் பட்டியலை என் போனில் எடுத்து ஒழுங்காகப் படித்தான். புதிய பிராசசரின் பெயர் அதில் இருக்கிறது, ஆனால் அதே வரிசையில் கடைசிக் கட்டத்தில், பயாஸ் இந்தப் பதிப்பாகவோ இதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. நம்முடையது அதைவிடப் பழசு. பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே இருக்கிற சின்ன புரோகிராமாம், வந்து உட்கார்ந்திருக்கிற பிராசசர் யார் எவர் என்று அடையாளம் காண்பது அதுதானாம். அதைப் புதுப்பிக்கக் கம்ப்யூட்டர் ஓடவேண்டும், ஓடப் பழைய பிராசசர் வேண்டும், அதைத்தான் மகராசன் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அப்பா முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நாளைக்கென்று சட்டையை அவரே தேய்த்துக் கதவில் மாட்டிவைத்திருக்கிறார், போனில் பேசுகிற வேலைக்கு எவன் சட்டையைப் பார்க்கப் போகிறான்.

தம்பி வந்ததும் எழுந்து போய்விட்டேன், இப்போதுதான் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். கடைக்காரர் பழையதை வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ மாட்டிவிட்டாராம். இவன் அழாத குறையாகக் கெஞ்சி, சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நம்பிக்கைக்குத் தன் பைக்கைக் கடை வாசலில் விட்டுவிட்டு நடந்தே வந்தான். அதை மாட்டியதும் திரை வந்தது. ஆபத்து அதற்குப் பிறகுதான். பயாஸைப் புதுப்பிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும், அப்புறம் பழையதும் ஓடாது புதியதும் ஓடாது என்றான். யூபிஎஸ் பாட்டரி எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. கீழே பட்டறையில் வெல்டிங் வேலை வேறு, பொறி பறக்கும்போதெல்லாம் நம் வீட்டு விளக்கு மங்குகிறது. இறங்கி ஓடினேன். கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணே என்றேன், ஏம்மா, ஓனர் வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்கன்னு வெல்டர் கேட்டார், நானே சொல்றேன் என்று அவர் ஒயர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். மேலே என்ன நடக்கிறதென்றே தெரியாது. போர்டு போனாலும் குரல் தனியாகப் பத்திரமாக இருக்கும் என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், மனசு கேட்டால்தானே. வேலை போனாலும் போகட்டும், அந்தக் குரலை மட்டும் விட்டுவை என்றுதான் யாரிடமோ கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜன்னலிலிருந்து தம்பி கையாட்டிய பிறகுதான் ஏறி வந்தேன். புதியதை மாட்டினான், திரை வந்தது. அப்பா போய் உட்கார்ந்தார். எனக்கு அடக்கிவைத்த கோபமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது, இனிமே இந்தப் பெட்டியை எவனாவது தொட்டீங்கன்னா என்று ஆரம்பித்தேன், சரி சரி, பிள்ள பசியோட நிக்கிறான், முதல்ல தட்டப் போடுன்னு கம்ப்யூட்டரிலிருந்து அவர் குரல் உடனே குறுக்கே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு பேச்சையும் முடிக்கவிட்டதில்லை அந்த மனிதர், அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்கே வர ஆளில்லை. சமையலறைக்குப் போய்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சாப்பிட்ட கையோடு தம்பி பழையதைக் கொடுத்துவிட்டுப் பைக்கை எடுத்துவரப் போயிருக்கிறான். நாளை எப்படிப் போகுமோ தெரியாது. இனி எதை மாற்றினாலும் போர்டின் முழுப் பெயரையும் பயாஸ் பதிப்பையும் முதலில் பாருங்கள், பட்டியலைக் கடைசிக் கட்டம்வரை படியுங்கள், புதியது ஓடுகிறவரை பழையதைக் கையைவிட்டு விடாதீர்கள். அவனிடம் நீயும் கோபப்படாதே, நான் பட்டதே இரண்டு பேருக்கும் போதும். வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளை வேலை முடிந்ததும் அப்பா உன்னைக் கூப்பிடுவார். ஹலோ சொல்லிவிட்டு அவர் பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாயே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடு. நீ பேசி முடிக்கும்வரை அவர் காத்திருக்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா